பத்தாயிரம் சிறுவாணி

எங்கூட்டுக்காரர் திருடன்னு புஸ்தகத்துல அச்சடிச்சு, அதுக்கு ஒரு அழைப்பிதழும் போட்டு, மூலையில மஞ்சள் தடவி, வெத்தலை பழத்தோட தட்டத்துல வெச்சு எங்கூட்டுக்கே கொண்டாந்து குடுத்துட்டுப் போனாங்க. குடுத்தவனுக்கு நான் காப்பி வேற போட்டுக் குடுத்தேன். அத நெனச்சா இன்னும் எனக்கு வயிறு எரியுதுங்க.

வந்தவன் கிஷன், நரசிம்மலுவோட பேரன். நரசிம்மலு யாருன்னா எங்கூட்டுக்காரர் காளிச்சாமியோட சிநேகிதர், கூட்டாளி. அவர் செத்து ஆறேழு வருசம் ஆச்சு. அவிய குடும்பம் பீளமேட்டுல பம்ப்செட் பண்ணிட்டிருந்த குடும்பம். எண்பத்தஞ்சு எண்பத்தாறு வாக்குல ரெண்டு பேருஞ் சேந்து ஊட்டுல வெச்சுக்கற கம்ப்யூட்டர் ஒண்ணு பண்ணினாங்க. இன்னைக்கு மாதிரி மடியில வெக்கறது இல்லீங்க. தட்டையா ஒரு பொட்டி, மேல கீபோர்டு. டி.வி.ல மாட்டிக்கோணும், டேப் ரெக்கார்டர்ல கேசட்டப் போட்டுப் புரோகிராம ஏத்திக்கோணும். அது ஏறி முடிக்கறதுக்குள்ள நான் ஒரு உலை சோறு ஆக்கி எறக்கிருவேன். சிறுவாணின்னு அதுக்குப் பேரு வெச்சாங்க. நரசிம்மலு பண்ணுவார், எங்கூட்டுக்காரர் விப்பார். மூணு வருசம் ஓடுச்சு, பொறகு மூடிட்டாங்க.

அந்தக் கிஷன் பெங்களூர்ல வேலை பாத்துட்டு இப்ப ஊருக்கே வந்துட்டான். ஓடாமக் கெடந்த பவுண்டரியச் சுத்தம் பண்ணி, பழைய கம்ப்யூட்டரையெல்லாம் வெச்சுக் காட்சிக்கூடம் தொறக்கறான். நல்ல காரியந்தான், நான் இல்லைங்கல. அவன் அந்தப் பக்கம் போனதும் கண்ணாடியப் போட்டுட்டுப் புஸ்தகத்தப் பிரிச்சேன். அதுல இருக்குது: "சிறுவாணி, கோவையில் உருவான வீட்டுக் கணினி. மொத்தம் பத்தாயிரம் விற்றன. எனினும் விற்பனைப் பிரிவில் நடந்த முறைகேடுகளால் நிறுவனம் மூடப்பட்டது."

விற்பனைப் பிரிவுல எத்தன பேருங்கறீங்க. ஒருத்தர். அந்த ஒருத்தர் எனக்கு எதுத்தாப்புல உக்காந்து, கிஷன் கொண்டாந்த வாழப்பழத்த உரிச்சுத் தின்னுட்டு இருந்தார்.

"ஏனுங்க, இதப் படிச்சீங்களா"ன்னேன்.

"படிச்சேன் அம்மணி. பையன் நல்லாத்தான் எழுதியிருக்கறான்."

"நீங்க கம்பெனியத் தின்னுபோட்டீங்கன்னு எழுதியிருக்கறான்."

"அது கெடக்குது. பத்தாயிரம்னு போட்டிருக்கறான் பாத்தியா"ன்னு சொல்லிப்போட்டு அடுத்த பழத்த எடுத்தார்.

இந்தப் பேச்சு இன்னைக்கு நேத்துப் பேச்சில்லீங்க. கம்பெனி மூடுனதுல இருந்து ஊருக்குள்ள இதே நாயம்தான். பத்தாயிரம் வித்த கம்பெனி எப்படி முழுகும், நடுவுல வித்தவன் தின்னிருப்பான், அவ்வளவுதான் கணக்கு. நரசிம்மலு சம்சாரம் பங்காரம்மா எனக்குக் கூடப்பொறந்தவ மாதிரி இருந்தவ. ஒரே தட்டத்துல தின்னிருக்கறோம். அவிநாசித் தேர்ல என்னையப் பாத்துட்டு மொகத்தத் திருப்பிட்டுப் போனா. அவ மக கல்யாணத்துக்கு எங்களுக்கு மட்டும் பத்திரிக வரல. எங்க மக நித்யஸ்ரீக்கு முதல்ல வந்த மாப்ள ஊட்டுக்காரங்க, கார்ல ஏறி உக்காந்த பொறகு தரகர்கிட்டக் கேட்டாங்களாமா, கம்பெனியத் தின்ன காளிச்சாமி ஊடுங்களா இதுன்னு. அதோட சரி, அந்தக் கார் திரும்பி வரல. அந்தப் புள்ள கட்டியிருந்த பட்டுச்சீலையக் கூட மாத்தாம சமையக்கட்டுல உக்காந்திருந்தா. எனக்கு அந்த மொகம் மறக்காதுங்க.

தின்னவரு ஊட்டு லட்சணத்தையும் கேளுங்க. கிணத்துக்கடவுல எங்கப்பா எனக்குச் சீராக் குடுத்த தென்னந்தோப்புல பாதியை வித்துத்தான் கம்பெனிக் கடன அடச்சார் இந்த மனுசன். தின்னுபோட்டவன் பொண்டாட்டி தோப்பை எதுக்கு விக்கறான்னு ஊர்ல ஒருத்தருக்காச்சும் கேக்கத் தோணுச்சா. பத்தாயிரம்னு ஒரு நெம்பர் காதுல உழுந்தா மனுசருக்கு மூளை அங்கயே நின்னுபோகுது.

பத்தாயிரமாமா பத்தாயிரம். நானூறு வித்திருந்தா அதிசயம்.

இத்தன வருசம் வாயில போன பேச்சு, பொறுத்துக்கிட்டேன். வாயில வந்தது காத்துல போகும்னு இருந்தேன். இப்ப அச்சுல ஏத்திச் செவுத்துல மாட்டப் போறான். நாளைக்கு நித்யஸ்ரீ அவ புள்ளைகளக் கூட்டிட்டுப் போனா, உங்க அப்புச்சி திருடன்னு அதுக படிக்கும். உடமாட்டேன்னு அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன்.

மறுநாள் காத்தால போத்தனூர்ல பஸ் ஏறி, காந்திபுரத்துல மாறி, பீளமேடு போய்ச் சேந்தேன். பவுண்டரி முச்சூடும் பெயின்ட் வாசம். கிஷன் ஏணி மேல நின்னு லைட்டு மாட்டிட்டு இருந்தான்.

"எறங்கி வா கண்ணு. பேசோணும்"ன்னேன். எத்தன கோவம் வந்தாலும் கண்ணுன்னுதான் வருது, என்ன பண்றது. எங்க பக்கத்து வாய் அப்படி. அடிக்கறதுக்கு முந்தி கூட ஒரு 'ங்க' போட்டுட்டுத்தான் அடிப்போம்.

"வாங்க பாட்டி. உக்காருங்க, எளநி வாங்கியாரச் சொல்றேன்."

"எளநி எங்கூட்டு மரத்துலயே காய்க்குது. இந்தப் பத்தாயிரம் எங்கிருந்து வந்துது, அத மட்டும் சொல்லு."

அவன் லேப்டாப்பத் தொறந்தான். மூணு ஆதாரம் இருக்குதாமா. ஒண்ணு, அந்தக் காலத்துப் பேப்பர்ல வந்த செய்தி. ரெண்டாவது, பழைய கம்ப்யூட்டர் சேக்கற வெளிநாட்டுக்காரங்க நடத்தற வெப்சைட்டு. மூணாவது, ஒவ்வொரு பொட்டிக்கும் அடியில அடிச்சிருக்கற நெம்பர்.

"பேப்பர்காரனுக்கு யாரு கண்ணு சொன்னது."

"காளிச்சாமி தாத்தா பேட்டிதான் பாட்டி. போட்டோகூட இருக்குது."

அந்தப் போட்டோ எனக்குத் தெரியாதா. அன்னிக்குப் பேப்பர்காரருக்கு பஜ்ஜி சுட்டவளே நாந்தான். எத்தனைங்க போயிருக்குதுன்னு அவர் கேட்டார். இவர் மீசையத் தடவிட்டு, பத்தாயிரம் போயிருச்சுங்கன்னார். சமையக்கட்டுல எனக்குக் கரண்டி நழுவிருச்சு. அந்த மாசம் போனது ஆறோ ஏழோ. அதுல ஒண்ணு என்ற தம்பி எனக்காக வாங்குனது.

"சரி, வெப்சைட்டுக்காரன் எங்கிருந்து எடுத்தான்."

கிஷன் கீழ பாத்தான். "அந்தப் பேப்பர்ல இருந்துதான்."

"அப்ப ரெண்டும் ஒரே வாய். எங்கூட்டுக்காரர் வாய். மூணாவதச் சொல்லு."

"நெம்பர் பொய் சொல்லாது பாட்டி. இந்தியா பூராம் கேட்டு வாங்கிச் சேத்து வெச்சிருக்கறேன். எட்டாயிரத்து முந்நூத்திச் சொச்சம் வரைக்கும் கண்ணுல பாத்துட்டேன். அப்ப எட்டாயிரத்துக்கு மேல நிச்சயம், பத்தாயிரம் இருக்கலாம்."

"இருக்கலாம்னு நீ மண்டைல நெனச்சது புஸ்தகத்துல வித்துதுன்னு ஆயிருச்சு. அத உடு. பம்ப்செட்டுக் குடும்பத்துல பொறந்துட்டு நீயே இப்படிக் கேட்டா நான் எங்க போய் முட்டிக்கறது."

சொன்னேனுங்க. அவியூட்டுப் பழக்கத்த அவனுக்கே நான் சொல்ல வேண்டியதாப் போச்சு. நம்ம பக்கத்துக் குடியானவர் யாரும் ஒரு கம்பெனியோட முதல் மோட்டாரக் கெணத்துல எறக்க மாட்டாங்க. பக்கத்துத் தோட்டத்துக்காரர் மாட்டட்டும், ஒரு கோடை ஓடட்டும், பொறகு பாக்கலாம்பாங்க. நெம்பர் ஒண்ணுன்னு அடிச்சிருந்தா அந்த மோட்டார் கடையிலயே துரு ஏறிப் போகும். அதனால நரசிம்மலுவோட அப்பா எந்தப் புது மோட்டார் போட்டாலும் எட்டாயிரத்து ஒண்ணுல இருந்துதான் நெம்பர் அடிப்பார். பாக்கறவனுக்கு, எட்டாயிரம் பேர் ஏற்கெனவே வாங்கியிருக்கறான், நமக்கென்னன்னு ஒரு தைரியம். அதே அச்ச எடுத்து நரசிம்மலு கம்ப்யூட்டருக்கும் அடிச்சுட்டார். கம்ப்யூட்டர் வாங்கறவன் என்ன கெணத்துலயா எறக்கப் போறான்னு நான் அப்பவே கேட்டேன். பழக்கம் தெய்வா, பழக்கம்னு சிரிச்சார்.

கிஷன் லேப்டாப்புல இருந்த நெம்பரையெல்லாம் மேல இருந்து கீழ வரைக்கும் மறுக்காப் பாத்தான். பொறகு சொன்னான்: "பாட்டி, எனக்கும் ஒரு எடம் இடிச்சுட்டே இருந்துது. எட்டாயிரத்து ஒண்ணுக்குக் கீழ ஒரு பொட்டிகூட எங்கயும் கெடைக்கல. பழசெல்லாம் ஒடஞ்சு போயிருக்கும்னு நெனச்சுட்டேன்."

"எட்டாயிரமும் ஒட்டுக்காவா கண்ணு ஒடையும்."

அவனுக்குச் சிரிப்பு வந்துருச்சு. பையன் கெட்டவன் இல்லீங்க. "நீங்க சொல்றத நான் நம்பறேன். ஆனா புருசனுக்குப் பரிஞ்சு பொண்டாட்டி பேசறான்னு சொல்லிருவாங்க. எங்க பாட்டியே சொல்லும். கண்ணால பாக்கற மாதிரி ஏதாச்சும் வேணும்"ன்னான்.

எனக்குச் சட்டுனு கிணத்துக்கடவு ஞாபகம் வந்துது. விக்காத பொட்டியெல்லாம் எங்க தோப்புக் கொட்டாயிலதான் அடுக்கிக் கெடக்குது. கம்பெனி மூடுன அன்னிக்கு லாரில கொண்டாந்து எறக்குனது. அட்டை பிரிக்காம, தேங்காய்க்குப் பக்கத்துல, செவுத்து ஓரமா.

"அதுல எட்டாயிரத்து நானூறு நானூத்தம்பதுன்னு நெம்பர் இருந்தா போதும் பாட்டி. அதுக்கு மேல ஒண்ணும் வெளிய போகலைன்னு ஆயிரும். கீழயும் இல்ல, மேலயும் இல்ல, பத்தாயிரம் தானா உழுந்துரும். திருட்டும் சேந்து உழுந்துரும்"ன்னு சொல்லி அவனே கார எடுத்தான். பொள்ளாச்சி ரோட்டுல போறப்ப எனக்கு வாய் நெறையப் பேச்சு. இத்தன வருசத்துல அன்னிக்குத்தான் அந்த ரோட்டோரத்துப் புளியமரமெல்லாம் என்ற கண்ணுக்கு அழகாத் தெரிஞ்சுது.

கொட்டாயத் தொறந்தா தேங்காய்தான் கெடக்குது. செவுத்து ஓரம் வெறும் தரை. பொட்டி இருந்த எடமெல்லாம் தூசி இல்லாம சதுரஞ் சதுரமா வெள்ளையாத் தெரியுது.

தோப்பப் பாத்துக்கற மாரியாத்தாளக் கூப்புட்டேன். "போன வாரம் ஐயா வண்டி கொண்டாந்து எல்லாத்தையும் ஏத்தித் தாட்டி உட்டுட்டாருங்க. எலி கூடு கட்டுதுன்னு சொன்னாருங்க. உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேனுங்க"ன்னா.

உக்கடத்துல பழைய சாமான் எடுக்கற ஜாவித்துக்கு அங்கிருந்தே போன் போட்டேன். எங்கூட்டுல எதப் போட்டாலும் அவந்தான் எடுப்பான். "அன்னிக்கே ஒடச்சு, போர்டெல்லாம் வடக்க லோடு போயிருச்சுங்க அக்கா. ஒண்ணுகூட மிச்சம் வெக்க வேண்டாம்னு அண்ணன் கூடவே நின்னாருங்க"ன்னான்.

ஒண்ணுகூட மிச்சம் வெக்க வேண்டாமா.

கிஷனுக்கு என்ற மொகத்தப் பாக்க முடியல. "பாட்டி, நான் காட்சிக்கூடம் வெக்கறேன்னு தாத்தாகிட்ட ரெண்டு மாசம் முந்தியே சொல்லியிருந்தேன்"ன்னான் மெதுவா.

ஊட்டுக்கு வந்தா மனுசன் டி.வி. பாத்துட்டு உக்காந்திருக்கறார்.

"கொட்டாயில இருந்த பொட்டியெல்லாம் எங்கீங்க."

"எந்தப் பொட்டி அம்மணி."

"என்ற பொறந்த ஊட்டுப் பொட்டி. எந்தப் பொட்டின்னா கேக்கறீங்க. வெக்கமா இல்லீங்களா உங்களுக்கு. உங்களுக்காக நான் பஸ்ஸேறி நாயா அலையறேன், நீங்க ஆளக் கூட்டிட்டுப் போய்ப் பக்கத்துல நின்னு ஒடச்சுப் போட்டு வாரீங்க."

டி.வி.யச் சத்தமில்லாமப் பண்ணினார்.

"நீ சொல்றதெல்லாம் நெசந்தான். முந்நூத்திச் சொச்சந்தான் போச்சு. அதுலயும் பாதி சொந்தம் ஒறம்பரை, மீதி தெரிஞ்சவன். அத இப்பச் சொன்னா என்ன ஆகும்? ரெண்டு கிறுக்கனுக மூணு வருசம் நாயாப் பேயா அலைஞ்சு முந்நூறு பொட்டி வித்தாங்கன்னு ஆகும். சிரிப்பாங்க அம்மணி."

"திருடன்னா சிரிக்க மாட்டாங்களா."

"மாட்டாங்க. திருடன்னா, பெரிய ஆளப்பா, கம்பெனியவே தின்னுட்டான்னு கொஞ்சம் தள்ளி நின்னு பேசுவாங்க. தோத்தவனப் பாத்தாத்தான் சிரிப்பாங்க. நான் ரெண்டையும் பாத்தவன்."

பொறகுதான் மீதியச் சொன்னார். கம்பெனி மூடறப்ப, முந்நூறுதான் வித்துதுன்னு நரசிம்மலுவுக்கு அவிய அப்பன்கிட்டச் சொல்ல முடியலயாமா. பம்ப்செட்டுக் காச எடுத்து இதுல போட்டிருக்கறார். பத்தாயிரம் வித்துது, காளி தின்னுபோட்டான்னு சொல்லிட்டாராமா. அன்னிக்கு சாயந்தரமே வந்து இவர் கையப் புடிச்சுட்டு அழுதாராமா. இவர் சொன்னாராமா, சரி போடா, பத்தாயிரம் ரெண்டு பேருக்கும் இருக்கட்டும், பழி எம்மேல இருக்கட்டும்னு.

இத்தன வருசம் ஊர்க்காரங்க பொய் சொல்றாங்கன்னு நெனச்சு ஊரத் திட்டுனேன். பங்காரம்மாளத் திட்டுனேன். சாமியக்கூடத் திட்டிருக்கறேன். பொய்யச் சமைச்சவரு என்ற ஊட்டுக்குள்ளயே, நான் போட்ட சோத்தத் தின்னுட்டு உக்காந்திருக்கறார்.

"ரெண்டு பேருஞ் சேந்து பங்கு பிரிச்சீங்க. அவருக்கு மானம், உங்களுக்குப் பத்தாயிரம். எனக்கு என்னங்க உட்டீங்க. என்னைய ஒரு வார்த்தை கேட்டீங்களா."

அவர் ரிமோட்டக் கையில உருட்டிட்டு இருந்தார்.

"நம்ம புள்ள பட்டுச்சீலையோட சமையக்கட்டுல உக்காந்திருந்தாளே, அன்னிக்காச்சும் வாயத் தொறந்திருக்கலாமல்லங்க."

துண்ட எடுத்து மொகத்தத் தொடச்சார். பொறகு, "சரி அம்மணி. ஞாயித்துக்கெழம மைக்குல சொல்லிப்போடறேன். எல்லாத்தையும் சொல்லிப்போடறேன்"ன்னார்.

நம்புனேனுங்க. ஏன் நம்புனேன்னு கேக்காதீங்க. நாப்பது வருசத்துக்கு மேல ஒரு மனுசனோட இருந்தா, நம்பறது ஒரு சோலி மாதிரி ஆயிருது. சனிக்கெழம கண்ணாடி முன்னால நின்னு தானாச் சொல்லிப் பாத்துட்டு இருந்தார், முந்நூத்திச் சொச்சமுங்க, முந்நூத்திச் சொச்சமுங்கன்னு. கிஷனுக்குப் போன் பண்ணி, போர்ட மாட்டிராத கண்ணு, தாத்தா உண்மையச் சொல்லப் போறார்னேன். அவனுக்கும் சந்தோசம்.

ஞாயித்துக்கெழம பவுண்டரி நெறையக் கூட்டம். பாதிப்பேரு சின்னஞ்சிறுசுக. பழைய கம்ப்யூட்டரு மேல இந்தக் காலத்துப் புள்ளைகளுக்கு இத்தன ஆசையான்னு எனக்கே ஆச்சரியம். நடுவுல கண்ணாடிக்குள்ள பங்காரம்மா ஊட்டுச் சிறுவாணி, எட்டாயிரத்து ஒண்ணாம் நெம்பர். பங்காரம்மா முன்வரிசையில நாற்காலியில உக்காந்திருந்தா. எளைச்சுப் போயிட்டா பாவம். எனக்குப் பக்கத்து நாற்காலியக் குடுத்தாங்க. இன்னைக்கு உன்ற காது குளுரக் கேளுடின்னு மனசுக்குள்ள சொல்லிட்டு உக்காந்தேன்.

கிஷன் மைக்கக் கொண்டாந்து எங்கூட்டுக்காரர் கையில குடுத்தான். "தாத்தா, சிறுவாணி மொத்தம் எத்தன வித்துதுன்னு நீங்களே சொல்லுங்க"ன்னான்.

எந்திரிச்சார். என்னையப் பாத்தார். வாயத் தொறந்தார். அந்நேரம் பாத்துப் பின்னால ஒரு வழுக்கைத் தலைக்காரர் எந்திரிச்சு நின்னார். "ஐயா, நான் திருப்பூருங்க. சாப்ட்வேர் கம்பெனி வெச்சிருக்கறேனுங்க. நான் முதல்ல கத்துக்கிட்டதே உங்க சிறுவாணியிலதானுங்க"ன்னார். கூட்டம் படபடன்னு கை தட்டுச்சு. சின்னப் புள்ளைக போன எடுத்து இவரப் படம் புடிக்குதுக. மனுசன் நெஞ்சு நிமுந்துது பாருங்க. அந்த நெஞ்சு எனக்குத் தெரியும். பஜ்ஜி தின்னுட்டே பேப்பர்காரருக்குப் பதில் சொன்ன நெஞ்சு. போச்சுன்னு தெரிஞ்சுபோச்சு எனக்கு.

"பத்தாயிரத்துக்கும் மேலதானுங்க"ன்னார்.

கிஷன் மொகம் சுருங்கிருச்சு. ஆனாலும் பையன் உடல. எப்படியாச்சும் வழிக்குக் கொண்டாரலாம்னு, "அத்தன வித்திருந்தா கம்பெனி ஏன் தாத்தா மூடுச்சு? பணம் எங்க போச்சு?"ன்னு கேட்டான்.

எங்கூட்டுக்காரர் கண்ணாடிக்குள்ள இருந்த அந்த எட்டாயிரத்து ஒண்ணப் பாத்தார். பொறகு நிதானமாச் சொன்னார்: "நாந்தானுங்க தின்னுபோட்டேன்."

பொறகு எங்கியோ ஒருத்தன் கை தட்டுனான். அப்பறம் எல்லாரும் தட்டுனாங்க. இந்த வயசுல சபையில ஒத்துக்கறதுக்கு எத்தன பெரிய மனசு வேணும்னு எனக்குப் பின்னால ஒரு அம்மா சொல்லுது. மனுசன் கும்புட்டுட்டு உக்காந்தார். முந்நூறு வித்தவருக்கு முந்நூறு பேரு கை தட்டறாங்க.

பங்காரம்மா அழுதுட்டே என்ற கையப் புடிச்சா. "போகட்டும் தெய்வா. இப்பவாச்சும் ஒத்துக்கிட்டார் பாரு. நான் மன்னிச்சுட்டேன், நீ மனசுல ஒண்ணும் வெச்சுக்காத"ங்கறா.

மன்னிச்சுட்டாளாமா. என்ற தோப்பு போயி, என்ற புள்ளைக்கு வந்த மாப்ள போயி, நல்லது கெட்டதுக்கு நடந்த கால் நின்னு போயி, கடைசியில என்னைய மன்னிக்கறா. அவ மேலயும் கோவப்பட முடியல, அவளுக்கு ஒண்ணுந் தெரியாது. அந்தக் கைய என்ன பண்றதுன்னு தெரியாம மெதுவா அவ மடியில வெச்சுப்போட்டு எந்திரிச்சேன்.

கிஷன் கதவோரமா நின்னுட்டு இருந்தான். "நான் நம்பல பாட்டி. சத்தியமா நம்பல. ஆனா போர்டுல இருந்து அந்த வரிய எப்படி எடுக்கறது? இத்தன நாளு அது கேள்விப்பட்ட பேச்சு. இப்ப அவரே சபையில சொல்லிட்டார், வீடியோவும் இருக்குது. சம்பந்தப்பட்டவரே சொன்னத விட எத வெக்க முடியும்"ன்னான். அவன் கண்ணு கலங்கியிருந்துது.

"எடுக்க வேண்டாம். மாட்டு. அதுக்குக் கீழ நான் சொல்றதையும் எழுதி மாட்டு. நானும் சம்பந்தப்பட்டவதான்."

எழுதுனான். 'மேலே உள்ள இரண்டும் பொய் என்று காளிச்சாமியின் மனைவி கூறுகிறார்'னு எழுதிக் காட்டுனான். எனக்கு வந்துது பாருங்க கோவம். "காளிச்சாமியோட மனைவின்னா எவ? எனக்குப் பேரில்லயா? இத்தன வருசம் திருடன் பொண்டாட்டின்னே இருந்தாச்சு. பேரப் போடு. எழுத்தும் மேல இருக்கற அளவுக்கே இருக்கோணும். பொடி எழுத்துல போட்டீன்னா பெயின்ட் டப்பாவ எடுத்துட்டு நானே வருவேன்."

நீங்க பீளமேடு போனா பாக்கலாம். பத்தாயிரமும் முறைகேடும் மேல இருக்குது. அதுக்குக் கீழ, அதே அளவு எழுத்துல இருக்குது: "விற்றது நானூறு கூட இல்லை. எவரும் எதையும் தின்னவில்லை. — தெய்வாத்தாள், போத்தனூர்." அதுக்கும் கீழ கிஷன் அவனா ஒரு வரி சேத்திருக்கறான். எட்டாயிரத்து ஒண்ணுக்குக் கீழ நெம்பர் இருக்கற சிறுவாணி யார்கிட்டயாச்சும் இருந்தா கொண்டு வரச் சொல்லி. தொறந்து எட்டு மாசம் ஆச்சு, இன்னும் ஒருத்தருங் கொண்டு வரல. யாராச்சும் வந்தாங்களான்னு பங்காரம்மா இப்பெல்லாம் பேரனக் கேக்கறாளாமா.

அன்னிக்கு ஊட்டுக்கு வந்ததும் எங்கூட்டுக்காரர் சட்டையக் கழட்டி மாட்டுனார், ஃபேனப் போட்டார், நாற்காலியில சாஞ்சார். மொகத்துல அப்பிடியொரு தெளிச்சி. "அம்மணி, ஒரு காப்பி போடு"ன்னார்.

"பத்தாயிரம் பேரு வாங்குனாங்கல்லங்க. அதுல யாராச்சும் ஒருத்தர வந்து போட்டுத் தரச் சொல்லுங்க"ன்னு சொல்லிப்போட்டு, எனக்கு மட்டும் ஒரு டம்ளர் போட்டு எடுத்துட்டுப் போய் வாசப்படியில உக்காந்து குடிச்சேன்.